எங்கேர்ந்து எடுத்தது, சொல்லு

இன்று மத்தியானம் உன் திருநீறு ஒரு மொபைல் கடை மேசைமேல் கொட்டிவிட்டது.

எதைப் படம் எடுத்தாலும் புகை மூட்டமாக விழுகிறது என்று தேரடித் தெருவில் ஒரு கடைக்குப் போனைக் கொண்டுபோயிருந்தேன். கடைக்காரர் பின்னட்டையைக் கழற்றினார். உள்ளேயிருந்து ஒரு காகிதப் பொட்டலம் விழுந்து பிரிந்தது. "என்னாம்மா, போனுக்குள்ளயே கோயில் கட்டி வெச்சிருக்கீங்க" என்றார். லென்ஸைச் சுற்றிப் படிந்திருந்த தூளைப் பஞ்சால் துடைத்துவிட்டு, "இத குப்பையில போட்டுடலாங்களா?" என்று கேட்டார். நான் கையை நீட்டினேன். பொட்டலம் நைந்திருந்தாலும் வாசனை அப்படியே இருந்தது. என் நெற்றியில் பூசிவிட்டு, கண்ணில் விழாமல் உள்ளங்கையால் மறைத்து ஊதுவாயே, அந்த வாசனை.

சென்னையில் வேலை கிடைத்து நான் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் வைத்து என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, நீதான் இதைச் செருகினாய். "பையில வெச்சா மறந்துடுவ. எப்பவும் கையில இருக்கறது இதுதானே. சாமியும் இங்கயே இருந்துட்டு போவட்டும்." போன் சூடாகும்டி என்றேன். "ஆவட்டும். அவரே அக்னிதானே, தாங்குவாரு" என்றாய். பஸ் நகர்ந்த பிறகும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நம் விளையாட்டு உனக்கு நினைவிருக்கும். கல்லூரியில் சேர்ந்த வருஷம் நம் இருவர் கைக்கும் போன் வந்தது. மற்றவர்கள் தங்கள் முகத்தை எடுத்துக்கொண்டிருந்தபோது நாம் மலையை எடுத்தோம். இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அது ஒரே மலை இல்லை. நம் தெருவிலிருந்து பார்த்தால் ஒற்றைச் சிகரம், செங்கம் ரோட்டுக்குப் போனால் தோளைச் சாய்த்துக்கொள்ளும், கிரிவலப் பாதையில் குபேர லிங்கம் தாண்டினால் முகம் முகமாகப் பிரியும். ஒரு படத்தை நீட்டி, "எங்கேர்ந்து எடுத்தது, சொல்லு" என்பாய். நான் நிருதி லிங்கம் என்பேன். "இல்ல, அந்த டீக்கடை மாடி" என்று தலையில் குட்டுவாய். நீ தோற்று நான் பார்த்தது மிகவும் கம்மி. வெளியூர்ப் பெண்கள் நம்மைப் பைத்தியங்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

கல்லும் மண்ணும்தானே என்று நான் ஒருமுறை வம்புக்கு இழுத்தேன். நீ கோபிக்கவில்லை. "கல்லுதான்டி. ஆனா எங்க போய் நின்னாலும் நம்பள பாக்குது இல்ல?" என்றாய். உன் பக்தி அவ்வளவுதான். விரதம் இருக்கமாட்டாய், பாட்டு தெரியாது. பௌர்ணமிக்குச் செருப்பில்லாமல் மலையைச் சுற்றி நடப்பாய், காலையில் எழுந்ததும் மாடிக்குப் போய் மலையைப் பார்ப்பாய்.

இதையெல்லாம் சொல்வதால் உன்னைப் பெரிய ஞானியாக்கிவிடுவேன் என்று நினைக்காதே. ஆசிரமத்துப் பக்கம் ஒரு கஃபேயில் பில் போடும் வேலைக்குப் போனாயே, அங்கே நாள் முழுக்க ரீல்ஸ்தான். "வெள்ளக்காரங்க கண்ண மூடிகினு உக்காந்திருக்காங்க, நான் போன பாத்துகினு உக்காந்திருக்கேன். ரெண்டு பேருமே யாருகூடவும் பேசறதில்ல" என்று எனக்கு வாய்ஸ் அனுப்பினாய். சென்னையில் என் கதையும் அதுவேதான். ஹாஸ்டல் அறையில் நான்கு கட்டில், நான்கு வெளிச்சம். காதலித்தவனோடு ஏற்பட்ட சண்டைகூட, பார்த்துவிட்டு ஏன் பதில் போடவில்லை என்பதில் தொடங்கி அதிலேயே முடிந்தது. அவன் போனதைவிட, அவன் பெயருக்குக் கீழே பச்சைப் புள்ளி எரிகிறதா என்று வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தேனே, அதுதான் இப்போது கேவலமாக இருக்கிறது.

அந்த நாட்களில் ஒரு பௌர்ணமிக்கு நான் வரவில்லை என்றதும் நீ வீடியோ கால் போட்டு, போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு எனக்காகவும் சேர்த்து நடந்தாய். கூட்டத்தில் இடிபட்டு, மலையைக் காட்டி, ஒவ்வொரு லிங்கத்தின் முன்னாலும் நின்று என்னைக் கும்பிடச் சொன்னாய். நான் கட்டிலில் படுத்துக்கொண்டு கும்பிட்டேன், அப்படியே தூங்கியும் போனேன். "நான் இங்க கால் நோவ நிக்கறேன், நீ அங்க குறட்ட உடற" என்று நீ கத்தியதில் பக்கத்துக் கட்டில்காரி எழுந்துவிட்டாள்.

பிறகு வேலை ஜாஸ்தியானது. ஆபீஸ் நேரத்தில் கூப்பிடாதே, மெசேஜ் போடு, பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தேன். யார் சொன்னாலும் எதையும் கேட்காத நீ, அதை மட்டும் கேட்டுத் தொலைத்தாய். அதிலிருந்து உன் ஸ்டேட்டஸ்தான் எனக்கு நீ. தினமும் காலையில் உன் வீட்டு மாடியிலிருந்து மலை. நான் ரயிலில் தொங்கிக்கொண்டே ஒரு இதயத்தைத் தட்டிவிடுவேன். என் ஸ்டேட்டஸை நீயும் பார்த்ததாக உன் பெயர் காட்டும். நாம் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம் என்று நான் மனதார நம்பினேன். உன் குரலைக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று கணக்குப் போட வேண்டியிருக்கும் என்பதே தோன்றவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் உன் மலை வேறு வடிவத்தில் வந்தது. ஒரு பக்கச் சரிவு நீண்டு, உச்சி சற்றுத் தள்ளி. கீழே நம் பழைய கேள்வி: "எங்கேர்ந்து எடுத்தது, சொல்லு." எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ரயில் அடுத்த ஸ்டேஷனில் நிற்பதற்குள் கண்டுபிடித்துவிட்டேன். "வேலூர் ரோடு. உசரமான கட்டடம், மூணாவது மாடியா?" என்று போட்டேன். "கரெக்ட்" என்று பதில் போட்டு, பக்கத்தில் கைதட்டும் படங்களை வைத்தாய். நீண்ட நாள் கழித்து உன்னிடம் ஜெயித்த பெருமையோடு நான் அடுத்தவர் ஸ்டேட்டஸுக்குப் போய்விட்டேன்.

வேலூர் ரோட்டில் மூன்று மாடிக்கு உயர்ந்து நிற்பது என்ன கட்டடம் என்று எனக்குத் தெரியாதா? நம் ஊரில் யாருக்குத்தான் தெரியாது? என் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது நீயும் நானும் அந்த ஆஸ்பத்திரி வராண்டாவில்தான் உட்கார்ந்திருந்தோம். எங்கே என்று சரியாகச் சொன்ன எனக்கு, ஏன் அங்கே இருக்கிறாய் என்று கேட்கத் தோன்றவில்லை. அடுத்த இரண்டு நாளும் அதே மலை வந்தது. நான் இதயம் தட்டினேன். அதற்கடுத்த நாள் மலை வரவில்லை, அதைக் கவனிக்கவும் இல்லை. சாயங்காலம் அம்மா போன் பண்ணித்தான் சொன்னார். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் சேர்த்தார்களாம்.

உன்மேல் எனக்குக் கோபமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அட்மிட் ஆகியிருக்கிறேன் என்று ஒரு வரி தட்ட உன் விரலுக்கு என்ன வந்தது? விளையாட்டுக்கு நேரமா அது? காரியத்துக்கு வந்திருந்தபோது உன் அம்மாவிடம் இதைக் கேட்டே விட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஜன்னலோரக் கட்டில்தான் வேணும்னு அடம் புடிச்சாம்மா. மலை தெரியுதுன்னு அவ்ளோ சந்தோஷம். உனக்கு சொல்லட்டுமான்னு நான்கூட கேட்டேன். வேணாம், அவளே கண்டுபிடிப்பான்னுட்டா. நீ என்னமோ பதில் போட்டியாமே. கண்டுபிடிச்சிட்டாம்மா, ரெண்டு நாள்ல வந்து நிப்பா பாருன்னு சொல்லிகினே இருந்தா." பிறகு, "உனக்கும் வேல இருந்திருக்கும்" என்றார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

வந்திருந்தால் நீ பிழைத்திருப்பாய் என்றெல்லாம் நான் சொல்லவில்லை. அந்தக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து உன் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் அந்த மலையைப் பார்த்திருப்பேன். அது போயிற்று, அது எனக்கு இனிமேல் எங்கும் கிடைக்காது.

போனை விட்டொழித்துவிட்டேன் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், அது உண்மையும் இல்லை. ஆனால் யாராவது வழக்கத்துக்கு மாறாக ஏதாவது போட்டால் உடனே கூப்பிட்டுவிடுகிறேன். போன வாரம் ஹாஸ்டல் பெண் ஒருத்தி வெறும் மின்விசிறியைப் படம் எடுத்துப் போட்டிருந்தாள். "எங்க இருக்க? ஏன் அங்க இருக்க?" என்று பதறினேன். "ஊர்லதான்கா, சும்மா படுத்திருக்கேன்" என்று சிரித்தாள். சிரிக்கட்டும்.

இன்று பௌர்ணமி. இப்போதெல்லாம் முடிந்தவரை பௌர்ணமிக்கு ஊருக்கு வந்துவிடுகிறேன். பக்தி வந்துவிட்டதா என்று கேட்காதே. கடைக்காரரிடம் வேறு காகிதம் வாங்கிப் பொட்டலத்தைப் புதிதாக மடித்து, பழையபடி பின்னட்டைக்குள்ளேயே செருகினேன். "திரும்ப மங்கலாத்தாங்க விழும்" என்று எச்சரித்தார். பரவாயில்லை என்றேன்.

சாயங்காலம் செருப்பை அம்மா வீட்டில் விட்டுவிட்டு நடந்தேன். ஈசானிய லிங்கத்தை நெருங்கும்போது மலை மெல்லத் திரும்பி, அந்த ஜன்னலில் உனக்குத் தெரிந்த வடிவத்துக்கு வந்தது. ஒரு பக்கச் சரிவு நீண்டு, உச்சி சற்றுத் தள்ளி. ஓரமாக நின்றுகொண்டேன். போன் இடுப்புப் பையிலேயே இருந்தது.

"வந்துட்டேன்டி" என்றேன்.

பக்கத்தில் நடந்துகொண்டிருந்த ஓர் அம்மாள், நான் யாரிடம் பேசுகிறேன் என்று என் காதில் ஒயரைத் தேடினார். அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று, இன்னொரு முறை சொன்னேன்.