நங்கைக்குப் போட்ட இலை

எடப்புளி நாடு
4.1.2025

அன்புள்ள நங்கைக்கு, உங்க தம்பி பொண்டாட்டி பானுமதி எழுதறது.

இங்க நானும், ஓசூர்ல பையன் பிரேமும் நல்லா இருக்கோமுங்க. உங்க முழங்கால் வலி குறைஞ்சுதா, உங்க ஊட்டுக்கார அண்ணனுக்குச் சர்க்கரை எறங்கிச்சா, ரெண்டுக்கும் மறக்காம பதில் போடுங்க. இந்தக் காலத்துல கடுதாசியான்னு அண்ணன் சிரிப்பாரு. என்ன பண்றதுங்க? அத்தனை வருஷம் தறிச் சத்தத்துல நின்னு உங்க காது போச்சு. போன்ல நான் கத்துறது உங்களுக்குப் பாதிதான் கேக்குது, எங்க ஊருக்கு மட்டும் முழுசாக் கேக்குது. போன தடவை நாத்தங்கால்ல நின்னு நம்ம ஊட்டுக் கதையெல்லாம் கத்திட்டு இருந்தேன், அடுத்த நாள் பக்கத்து ஊட்டு ராசு பொண்டாட்டி வந்து மிச்சத்தையும் சொல்லுங்கன்னு உக்காந்துக்கிட்டா.

மலையில மார்கழிக் குளிர் எலும்பைப் புடிக்குதுங்க. மொளகு இந்த வருஷம் பரவால்ல. சில்வர் ஓக் மரத்துல ஏறிப் பறிக்கத்தான் ஆள் கிடைக்கல. உங்க தம்பி இருந்தப்ப மட்டும் என்ன, ஏணியைச் சாத்திப்போட்டுக் கீழ நின்னு ஊர் நாயம் பேசிட்டு இருப்பாரு, நான்தான் ஏறிப் பறிப்பேன். இப்பவும் நான்தான் ஏறுறேன். கீழ பேச்சுத்தான் இல்ல.

எதுக்கு எழுதறேன்னா, போன பொங்கலுக்கு நம்ம ஊட்டுல அடுப்பே மூட்டலீங்க. அவரு போயி வருஷம் திரும்பாம நோம்பி ஆகாதுன்னுட்டாங்க. இந்தப் பொங்கல் வெச்சே ஆகோணும். ஓசூர்க் கம்பெனியில பிரேமுக்கு லீவு குடுத்துட்டாங்க. ஊட்டுல பொறந்த பொண்ணு மொதக் கை அரிசி போட்டாத்தான் நம்ம பானை பொங்கும், அது நீங்க எனக்குச் சொல்லிக் குடுத்ததுதான். நான் கல்யாணமாகி வந்த வருஷம் தெரியாம அரிசியை அள்ளிட்டேன்னு கையைத் தட்டி விட்டீங்களே, ஞாபகம் இருக்குதுங்களா? நேரத்தோட வந்துருங்க.

நேத்து மொளகு ஒணத்தையில கன்னியாகுமரி போனது நெனப்பு வந்து தனியாச் சிரிச்சுட்டு இருந்தேன். சூரியன் உதிக்கறதைப் பாக்கோணும்னு வேன் புடிச்சு அத்தனை தூரம் கூட்டிட்டுப் போயி, உங்க தம்பியே தூங்கிட்டாரு. எந்திரிச்சதும் லாட்ஜுக்காரனைப் புடிச்சு ஒரே சண்டை. அப்பறம் இன்னொரு நாள் தங்கிப் பாத்தா வானம் பூராவும் மேகம். "சூரியன் நம்ம ஊர்லயே வருது, போலாம் வாங்க"ன்னாரே! அண்ணன் சிரிச்சுச் சிரிச்சுப் பொறையேறி, முதுகுல தட்டித்தான் வேன்ல ஏத்தினோம்.

உங்களுக்கு சாமை மாவு இடிச்சு வெச்சிருக்கேன். வந்தா எடுத்துட்டுப் போலாம்.

அன்புள்ள
பானு


பள்ளிபாளையம்
9.1.2025

பானு கண்ணுக்கு,

கடுதாசி கிடைச்சுது. முழங்கால் அப்படியேதான் இருக்குது, சர்க்கரையும் அப்படியேதான் இருக்குது. உங்க அண்ணன் நான் அந்தப் பக்கம் திரும்பினா இந்தப் பக்கம் சர்க்கரை டப்பாவைத் திறக்குறாரு. திருடனைக் காவல் காக்கறதே எனக்குப் பொழப்பாப் போச்சு.

கன்னியாகுமரிக் கதையை நீ தப்பா எழுதியிருக்க புள்ள. தப்பு லாட்ஜுக்காரன் மேல இல்ல. லாட்ஜுக்காரன் கதவைத் தட்டத்தான் செஞ்சான், என் தம்பி பூபதிதான் உள்ளயிருந்து "பால் வேண்டாம்"னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டான். அது எனக்கு மட்டும்தான் தெரியும். உன்கிட்டச் சொல்லிராதக்கான்னு கையைப் புடிச்சுக்கிட்டான். இத்தனை வருஷம் வாயைத் திறக்கல. இனி சொன்னா அவன் என்ன பண்ணிரப் போறான்!

வருஷா வருஷம் பொங்கல் முடிஞ்சதும் எங்கயாவது கிளம்பிருவோம். மேட்டூருக்குப் போயி அணையைப் பாக்காம மீனையே தின்னுட்டு வந்தோம். ராமேசுவரத்துல அவன் கடல் தண்ணியை நாக்குல வெச்சுப் பாத்து, "நெசமாலுமே உப்புக்கா"ன்னு என்கிட்ட வந்து சொன்னான், என்னமோ இவன்தான் கண்டுபுடிச்ச மாதிரி. எனக்கும் நாள் பூரா இதே நெனப்புத்தான். அடுப்புல குழம்பு தீஞ்சு போறது மூக்குல ஏறினாத்தான் எந்திரிக்கறேன்.

பொங்கலுக்கு வாரேன்னும் சொல்லல, வரலைன்னும் சொல்லல. பஸ்ஸுல அந்த வளைவெல்லாம் ஏறினா எனக்குக் கொடலே வெளிய வந்துரும், உனக்குத் தெரியும். உங்க அண்ணனைத் தனியா விட்டுட்டும் வர முடியாது. பாப்போம் சாமி. நீ எனக்காக அடுப்பைப் பாத்துட்டு உக்காந்திருக்காதே.

மருமகன் பிரேமை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு. எலும்பும் தோலுமா இருந்தா எவன் பொண்ணு குடுப்பான்?

பொன்னம்மாள்


பள்ளிபாளையம்
22.1.2025

பானுமதிக்கு,

இந்தக் கடுதாசியில நலம் விசாரிக்கறதுக்கெல்லாம் எனக்கு மனசில்ல.

நேத்து நம்ம பங்காளி சின்னக்கண்ணு மகளுக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்திருந்தான். காப்பித் தண்ணியைக் கையில வாங்கிட்டு என்னையே ஒரு மாதிரிப் பாக்குறான். என்னடா அப்படிப் பாக்குறேன்னு கேட்டா, மென்னு முழுங்கிச் சொல்றான். பொங்கலன்னிக்கு உன் ஊட்டுல பூபதி போட்டோவுக்கு முன்னால படையல் இலை போட்டிருந்துச்சாம். பக்கத்துல இன்னொரு இலையாம். அதுலயும் பொங்கல், குழம்பு, வடை எல்லாம் வெச்சிருந்துச்சாம். அது யாருக்குன்னா, பொன்னம்மாளுக்காம்!

ஏம் புள்ள, நான் செத்தா போயிட்டேன்? ஒரு நோம்பிக்கு வரலைன்னா என்னைச் செத்தவ வரிசையில உக்கார வெச்சுருவியா? உசுரோட இருக்கறவளுக்குப் படையல் போடுற வழக்கத்தை எந்த ஊர்ல படிச்ச? ஊரே பாத்திருக்குது. உங்க அண்ணன் மூணு வேளையும் சாப்பிடாம மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டு இருக்காரு. எனக்குச் சோறு எறங்கல.

கோவம் இருந்தா நேராத் திட்டியிருக்கலாம். வாங்கிக்கிட்டிருப்பேன். இது நல்லால்ல பானு.

பொன்னம்மாள்


எடப்புளி நாடு
28.1.2025

நங்கைக்கு,

உங்க கடுதாசியை வாசல்ல நின்னு பிரிச்சேன், அங்கயே உக்காந்துட்டேன். மொதல்ல அழுகை வந்துச்சு. அப்பறம் கோவம் வந்துச்சு. அந்தக் கோவம் ஆறாமத்தான் எழுதறேன். பொறுத்துக்க முடிஞ்சாப் பொறுத்துக்கங்க.

அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. அடுப்பைப் பாத்துட்டு உக்காராதேன்னு நீங்க எழுதியிருந்தீங்க. உக்காந்துட்டுத்தான் இருந்தேன். விடிஞ்சதுல இருந்து நங்கை வரட்டும், நங்கை வரட்டும்னு பானையை ஏத்தவே இல்ல. வெயில் ஏறிப்போச்சு, வந்திருந்த சொந்தமெல்லாம் பசியில முணுமுணுங்குது. கடைசியில அரிசியைப் பிரேம்தான் போட்டான். "அத்தை திட்டப் போறாங்கம்மா"ன்னுட்டுத்தான் போட்டான்.

அவருக்கு இலை போட்டேன். பக்கத்துல உங்களுக்கு ஒரு இலை போட்டேன். வேற எங்கங்க போடுறது? நோம்பின்னா நீங்க ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துலதான் உக்காருவீங்க. அவரு உங்க இலையில இருந்து வடையை எடுப்பாரு, நீங்க கையிலயே ஒண்ணு போடுவீங்க. எனக்கு வேற இடமே தோணலீங்க. மத்தியான பஸ்ஸுக்காச்சும் வருவீங்க, கை கழுவினதும் சுடச்சுட உக்காரட்டும்னு எல்லாத்தையும் பரிமாறியும் வெச்சுட்டேன். பாக்கறவங்களுக்கு அது எப்படித் தெரியும்னு அந்த நேரத்துல என் புத்திக்கு எட்டல.

சின்னக்கண்ணு மாமன் வந்தாரு. கற்பூரத்தைக் கொளுத்தி ரெண்டு இலைக்கும் சேத்துக் கும்பிட்டாரு. அப்பத்தான் எனக்குத் திக்குன்னுச்சு. இது நங்கைக்குங்க, அவங்க வந்துட்டு இருக்காங்கன்னு சொன்னேன். தலையை ஆட்டிட்டு வெளிய போயிட்டாரு. நான் கிறுக்குப் புடிச்சுப் பேசறேன்னு நெனச்சிருப்பாரு.

செத்தவங்களுக்குப் படைச்சதைக் காக்காய்க்கு வெப்போம். அவரு இலையை வெச்சேன். உங்க இலையை வெக்கலீங்க. எல்லாரும் போன பொறவு அதுல நானே உக்காந்து சாப்பிட்டேன். ஆறிப்போயிருந்துச்சு.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எங்க அண்ணந்தம்பிக என்னை எட்டிக்கூடப் பாக்கறதில்ல, அது உங்களுக்கே தெரியும். எனக்குன்னு வந்து ஒரு வாய் சாப்பிட்டு, உப்புப் பத்தலைன்னு குத்தம் சொல்ல நீங்கதான் இருக்கீங்க. உங்க தம்பி போயிட்டா நான் உங்களுக்கு யாரோ ஆயிருவேனுங்களா? அப்படின்னா அதை நேரா எழுதிருங்க. மனசைத் தேத்திக்கறேன்.

இனி வாங்கன்னு கூப்பிடப் போறதில்ல.

பானுமதி


பள்ளிபாளையம்
11.2.2025

என் சாமி பானுவுக்கு,

உன் கடுதாசி வந்து நாளாச்சு. எழுத உக்காருவேன், கை ஓடாது. உங்க அண்ணன் தினமும் "எழுதிட்டியா, எழுதிட்டியா"ன்னு என் உசுரை வாங்கறாரு. அவருக்கு விசயம் தெரியும். உனக்குத்தான் தெரியாது.

பொங்கலன்னிக்கு நான் வந்தேன் பானு.

பொய் சொல்லல. விடியாத நேரத்துலயே கிளம்பி, நாமக்கல்லுல பஸ் மாறி, சேந்தமங்கலம் தாண்டி, மலையேறி, செம்மேடு பஸ் ஸ்டாண்டுல எறங்கினேன். பையில உனக்கு ஒரு சீலை, பிரேமுக்கு முறுக்கு. எறங்கினதும் பழக்கத்துல தலை தானா டீக்கடைப் பக்கம் திரும்பிருச்சு. அங்கதான நிப்பான்? எக்ஸெல் வண்டியைச் சாய்ச்சு வெச்சுட்டு, குரங்குக் குல்லாயை மாட்டிக்கிட்டு, "ஏக்கோவ், ஏன் இத்தனை நேரம்?"னு சத்தம் போடுவான், என்னமோ நான்தான் பஸ்ஸை ஓட்டிட்டு வந்தாப்பல. பையைப் புடுங்கி முன்னாடி வெச்சுக்குவான். ஒரு தடவைகூட அவன் நிக்காம நான் எறங்கினதில்ல புள்ள.

அந்த எடத்துல யாரோ ஒருத்தி அன்னாசிக் கூடையை எறக்கி வெச்சிருந்தா.

சாவுக்கு வந்தப்ப வேன்ல நேரா வாசலுக்கே வந்துட்டோம். காரியத்துக்கும் அப்படித்தான். ஒப்பாரி வெச்சேன், மார்ல அடிச்சுக்கிட்டேன், எல்லாம் பண்ணினேன். ஆனா என் தம்பி செத்துட்டான்னு எனக்கு அந்த பஸ் ஸ்டாண்டுலதான் தெரிஞ்சுது. காலு ரெண்டும் வரமாட்டேன்னுருச்சு. நான் வந்த பஸ்ஸே திரும்பறதுக்கு நின்னுட்டு இருந்துச்சு. ஏறி உக்காந்துட்டேன். கண்டக்டர், "ஏனுங்கம்மா, இப்பத்தான எறங்கினீங்க?"ன்னாரு. எனக்குக் காது கேக்காதுன்னு கையைக் காட்டிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

நீ இலையைப் போட்டு வெச்சு வழியைப் பாத்துட்டு இருந்த நேரத்துல நான் மலையை விட்டு எறங்கிட்டு இருந்திருக்கேன். சின்னக்கண்ணு வந்து சொன்னதும் அந்தக் குறுகுறுப்புத்தான் கோவமா வந்து உன் மேல விழுந்துச்சு. என்னை மன்னிச்சுரு கண்ணு. அந்த இலையில ஆறிப்போன சோத்தை நீ தனியாத் தின்னது என் கண்ணு முன்னாலயே நிக்குது.

நீ யாரோவா? இன்னொரு தடவை அப்படி எழுதினா நேர்ல வந்து உதைப்பேன். ஆனா நேர்ல எப்படி வாரதுன்னுதான் தெரியல. வரோணும்னு ஆசையாத்தான் இருக்குது. அந்த எடத்துல எறங்கத்தான் பயமா இருக்குது.

உன்
பொன்னம்மாள்


எடப்புளி நாடு
17.2.2025

என் நங்கைக்கு,

கடுதாசி கிடைச்சுது. ரெண்டு தடவை படிச்சேன், மூணாந் தடவை பிரேம் போன்ல கேக்கக் கேக்கப் படிச்சுக் காட்டினேன். "அத்தை பாவம்மா"ன்னான். அவ்வளவுதான்.

உங்களுக்கு மட்டும்தான் அந்தப் பயம்னு நெனச்சுக்காதீங்க. அவரு போனதுல இருந்து நானும் செம்மேட்டுப் பக்கம் போனதில்ல. சாமான் வேணும்னா பக்கத்து ஊட்டு ராசு வாங்கியாந்து குடுத்துருவாரு. மொளகை யாவாரியே வந்து எடுத்துக்கறாரு. துக்கத்துல இருக்கறா, வெளிய கிளம்ப மாட்டேங்கறான்னு ஊர்ல பேசிக்கறாங்க. அப்படியெல்லாம் இல்லீங்க. அந்த டீக்கடை முன்னால போயி நிக்கோணுமேன்னுதான்.

உங்க கடுதாசி வந்த மறுநாள் போனேன். மினிபஸ்ல எறங்கி, நேரா டீக்கடை ஓரத்துல போயி நின்னுக்கிட்டேன். நாமக்கல் பஸ் வந்துச்சு. ஆளுக எறங்கினாங்க, ஏறினாங்க, பஸ் போயிருச்சு. கண்ணுல தண்ணி நிக்கல, முந்தானையில மூஞ்சியைத் தொடைச்சுட்டே நின்னேன். டீக்கடைக்காரர் ஒரு டீயைக் கொண்டாந்து கையில குடுத்துட்டு உள்ள போயிட்டாரு. அடுத்த பஸ்ஸும் வந்துச்சு. அதுக்கும் நின்னேன். நிக்க முடியுதுங்க. கஷ்டமாத்தான் இருக்குது, ஆனா முடியுது.

சிவராத்திரிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை அண்ணனையும் கூட்டிட்டுக் கிளம்புங்க. நோம்பி கீம்பி ஒண்ணும் இல்ல, சும்மா வாங்க. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, ஊட்டுக்கு மினிபஸ்ஸுலதான் போகோணும். காலையில இருந்து அந்த டீக்கடை ஓரத்துலதான் நிப்பேன்.

பஸ் வந்து நின்ன பொறவு உங்களுக்கு எறங்க முடியலைன்னா எறங்க வேண்டாம். அப்படியே உக்காந்திருங்க. நான் ஏறி வந்து உங்க பக்கத்துல உக்காந்துக்கறேன். மூணு பேருமாக் கீழ போயிட்டு, அடுத்த பஸ்ஸுல மறுபடியும் ஏறி வரலாம்.

உங்க
பானு