நாலு மணிக்கு என் புத்தகம்

பாப்பா,

பால் காய்ச்சி வைத்திருக்கிறேன். பிஸ்கட்டைத் தட்டில் அடுக்கி வை, பாக்கெட்டோடு நீட்டாதே. மாப்பிள்ளை வீட்டார் மூன்றரைக்கு வருவார்கள். நான் இருக்க மாட்டேன்.

நேற்று நீ உன் வருங்கால மாமியாரிடம் போனில் பேசியது, மாடிப்படியில் நின்ற என் காதில் விழுந்தது. “அம்மாவா? வீட்டுலயே ஏதோ டைப்பிங் வேலை பாக்கறாங்க, அத்தை.” பதினோரு காதல் நாவல் எழுதியவளுக்கு நீ கொடுத்த பட்டம் அது!

“கல்யாணம் முடியற வரைக்கும் புதுப் புத்தகம் வேணாம்மா, அவங்க ஒரு மாதிரி நினைப்பாங்க” என்று நீ கெஞ்சியதால் இரண்டு முறை தள்ளிப்போட்டேன். இனிமேல் முடியாது. நானே எழுதி நானே வெளியிடுகிற புத்தகத்துக்கு நாள் குறிப்பதும் நான்தான். இன்று நாலு மணிக்கு இணையத்தில் வெளிவருகிறது. இதுவரை புனைபெயரில் ஒளிந்திருந்தேன். இந்த முறை சொந்தப் பெயர். வெளியான கையோடு உன் மாமியாரின் போனுக்கும் லிங்க் போகும், அவர்கள் நம் சோபாவில் உட்கார்ந்திருக்கும்போதே.

நிறுத்தப் பார்க்காதே. பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன்.

அம்மா

பி.கு.: உன் நீல உடையை இஸ்திரி போட்டுக் கதவில் மாட்டியிருக்கிறேன். கோபம் வேறு, அது வேறு.

இன்னொன்று. அட்டையில் என் படம் இருக்கிறது. நீ ஆறாவது படிக்கும்போது, நான் எழுதிக்கொண்டிருந்த மேஜைக்கு ஓடி வந்து, “அம்மா, சிரி!” என்று எடுத்த படம். எடுத்தவர் பெயரும் போட்டாக வேண்டுமே? முழுப் பெயராகப் போட்டிருக்கிறேன், இனிஷியலோடு.