நன்றி: இணையம்

9.8.2007, வியாழன்

நோணாங்குப்பத்தில் முழங்கால் அளவு சேற்றில் நின்று நான் எடுத்த படகுப் படம், ஜோசப்பின் வலைப்பதிவில் இருக்கிறது. கீழே 'நன்றி: இணையம்' என்று போட்டிருக்கிறான். ஆபீசில் எனக்கு எதிர் மேசைக்காரன். என் வலைப்பதிவைத் தினமும் படிக்கிறவன்.

மதியம் சாப்பிடும்போது கேட்டேன்.

"நெட்ல கெடந்துச்சி, எடுத்துக்கினேன். அதான் நன்றி போட்டேனே."

"ஓரத்துல என் பேரு இருந்துச்சே?"

"பேரு இருந்தா படம் அசிங்கமா இருக்கு ஸ்டெல்லா. கட் பண்ணிட்டேன்."

பெயரோடு துடுப்பின் நுனியையும் சேர்த்து வெட்டியிருக்கிறான். அதைச் சொன்னால், "ஒரு போட்டோவுக்குப் போயி இவ்ளோ பேச்சா?" என்று சோற்றைப் பிசைகிறான். கேட்டிருந்தால் பெரிய அளவிலேயே கொடுத்திருப்பேன். "என் பேரப் போடு, இல்லன்னா படத்த எடுத்துடு" என்று சொல்லிவிட்டு டப்பாவை மூடினேன்.

வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தேன். மாற்றியிருக்கிறான். படம் அப்படியே இருக்கிறது. கீழே, 'நன்றி: ஒரு தோழி.'

தோழி மதியச் சாப்பாட்டோடு முடிந்துவிட்டாள். மிச்சம் இருப்பது என் பெயர்தான். அதைப் போட மட்டும் அவனுக்கு மனசு வரவில்லை.