சுவரில் சொருகிய வயர்

ஞாயிறு, இரவு

குருநாகலிலிருந்து இன்றுதான் திரும்பினோம். என் கூடப்பிறந்த ஒரே அண்ணன், என் காக்காவின் முகத்தை நான் கடைசியாகப் பார்க்கவில்லை.

வெள்ளி விடிய, சுபஹுத் தொழுகை நேரம் மௌத்துச் செய்தி வந்ததும் வேன் பிடிக்கச் சொன்னேன்.

"நம்மட கரண்ட் கார் இருக்கக்குள்ள வேன் என்னத்துக்கு?" என்றார் என் புருசன்.

பாதி வழியில், மஹியங்கனையில் சார்ஜ் இறங்கிவிட்டது. சார்ஜ் போடும் இடத்தில் எங்களுக்கு முன்னால் இன்னொரு கார். காத்து நின்றபோது காக்காவின் மகன் போன் எடுத்தான்.

"மாமி, பின்னேரம் அஸர் தொழுகையோட ஜனாஸாவ அடக்க எடுக்கப் போறம். எங்க நிக்கிறீங்க?"

நான் வாய் திறக்குமுன் இவர் போனைப் பறித்தார். "எங்களப் பாத்துக்கு இரிக்க வேணாம், எடுங்க."

அழுதேன். "நீ பாத்தா எழும்பி வரப்போறாரா?" என்றவர், முன்னால் நின்ற கார்க்காரரிடம் எங்கள் காரின் பெருமையைக் கதைக்கப் போய்விட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மண் போட்டு முடிந்திருந்தது.

இந்த வீடு, காக்கா கத்தார் வெயிலில் உழைத்து எனக்குச் சீதனமாகக் கட்டித்தந்தது. வந்து இறங்கியதும் முகம்கூடக் கழுவாமல் இவர் இந்தச் சுவரில்தான் காரின் வயரைச் சொருகினார். விடிந்தால் தன் உம்மாவைக் கண் ஒப்பரேசனுக்குக் கண்டிக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கும் வேன் வேண்டாமாம்.

யன்னலைச் சாத்தும்போது பார்த்தேன். வயர் சொருகியபடி இருக்கிறது. சுவிட்சைப் போட மறந்துவிட்டார். கையை நீட்டினால் எட்டும்.

இவர் குறட்டை விடுகிறார். எனக்கும் நித்திரை வருகிறது.