ராமதாஸ் கொடுத்த கிட்னியும் என் ரத்தச் சீட்டும்

முகத்துவாரக்குப்பம்
17.8.2003

அன்பு மகள் ரேகாவுக்கு அப்பா எழுதுவது. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகம்தானே. அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, அதை முதலில் எழுதிவிடுகிறேன். உன் மாமன் ராமதாஸின் செல்போனில் பேசித் தெரிந்துகொண்டிருப்பாய், வீட்டுப் போன் எதற்கு இருக்கிறதோ. அவன் சொல்லாததை நான் எழுதுகிறேன்.

அவன் அம்மாவுக்குக் கிட்னி கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. என் ரத்த வகை சேர்ந்திருந்தால் நான்தான் கொடுத்திருப்பேன். அம்மா தூங்கும்போதும் வலது அடிவயிற்றில், அதை வைத்துத் தைத்த இடத்தில் கை வைத்தே தூங்குகிறாள். முப்பத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவன் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்க்கிறேன். வருகிறவர்கள் எல்லாம் தம்பி என்றால் இவன்தான் என்கிறார்கள். காய்ச்சல் வந்தபோது லேபுக்கும் அவனே அழைத்துப் போனான். சைட்டோமெகலோ என்ற கிருமிக்கு எதிர்ப்புச் சத்து ரத்தத்தில் இல்லை, அதனால் நோய் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். "ஒண்ணும் இல்லக்கா, வா வூட்டுக்குப் போலாம்" என்றான். நான் விடவில்லை. புதுக் கிட்னியைத் தள்ளிவிடாமல் இருக்க உடம்பின் எதிர்ப்பை அடக்கத்தானே தினமும் மாத்திரை கொடுக்கிறீர்கள், அந்த உடம்பில் எதிர்ப்புச் சத்தைத் தேடினால் எப்படிக் கிடைக்கும் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். எட்டாவதோடு நின்று நூலகத்தில் படித்தவன் கேட்டது சரி என்று அவரே சொன்னார். கிருமியையே ரத்தத்தில் தேடும் பி.சி.ஆர். பரிசோதனைக்கு அனுப்பினார். கிருமி பெருகிக்கொண்டிருந்தது. உடனே ஊசி போட ஆரம்பித்தார்கள், விட்டிருந்தால் கிட்னியோடு அவளும் போயிருப்பாள். எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ஆபரேஷனுக்கு முன்பு பார்த்ததில் அம்மாவுக்கு அந்தத் தொற்று இல்லை, ராமதாஸுக்குப் பழையது இருந்தது, அவன் கிட்னிக்குள் தூங்கியது அம்மா உடம்பில் விழித்திருக்கும் என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, உன்னிடம் மறைக்கவில்லை. "உன் கிட்னியோடதான் வந்துகீது" என்று வார்டில் வைத்தே அவனிடம் சொல்லிவிட்டேன். அவன் வெளியே போனான். அம்மா, "உன்னாண்ட எனக்கு இன்னா பேச்சு கீது" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அவள் என்னோடு பேசி ஒன்பது நாள் ஆகிறது.

என் ரத்தம் சுத்தம் என்று அவளுக்குக் காட்ட நானும் பரிசோதித்துக்கொண்டேன். எனக்கும் பழைய தொற்று இருக்கிறதாம். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு இருக்கும், நீங்கள் கொடுத்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்று டாக்டரம்மா சிரித்தார். சீட்டு என் சட்டைப்பையில் கிடக்கிறது. அம்மாவிடம் நானே காட்டுவேன், நீ முந்திக்கொண்டு மாமனிடம் சொல்லாதே. அவனிடம் மன்னிப்புக் கேள் என்றும் எழுதாதே. நேற்று அவன் வந்தபோது நாற்காலியை விட்டு எழுந்தேன், அதற்கு மேல் என்னால் ஆகாது.

குழந்தைக்கு ஏசியை அதிகம் வைக்காதே. மூவரும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும். வெள்ளிக்கிழமை அம்மா வீட்டுக்கு வருகிறாள். ஞாயிறு மறக்காமல் வீட்டுப் போனுக்குப் பேசு. அவள்தான் எடுப்பாள். அப்பாவைக் கூப்பிடு என்று நீ சொன்னால் அவள் என்னைக் கூப்பிட்டுத்தானே ஆகவேண்டும்.

ஆசிகளுடன்,
உன் அப்பா
கோதண்டம்