மெஷின் வெட்டிய சர்க்கரை வளையல்

அன்புள்ள ஏனுங்க,

உங்கள் பெயரைச் சொல்லி நான் கூப்பிட்டதே இல்லை. அடுப்படியிலிருந்து 'ஏனுங்க' என்று குரல் கொடுத்தால் பின்னாலிருக்கும் ஷெட்டிலிருந்து 'ம்' என்று பதில் வரும். இன்றைக்குப் பெயரெழுதி ஆரம்பித்துப் பார்த்தேன், பேங்குக்கு மனுக் கொடுக்கிற மாதிரி இருந்தது. அதனால் பழையபடியே கூப்பிடுகிறேன்.

முதல் செய்தி. உங்கள் கட்டிங் மெஷின் இப்போது ஷெட்டில் இல்லை, அடுப்படியில் கிரைண்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. பனியன் சாம்பிளுக்கு ஸ்டிக்கர் வெட்டிக்கொண்டிருந்த மெஷின். புலி முகமும் மண்டையோடும் அர்த்தமில்லாத இங்கிலீஷ் வாசகங்களும் வெட்டியதெல்லாம் போய், இன்று கேக் மேல் வைக்கிற பூவும் இலையும் வெட்டுகிறது. கோபப்படாதீர்கள். பிளேடு புதுசு, அடியில் வைக்கிற பாயும் புதுசு. ஸ்டிக்கர் வெட்டிய பிளேடைச் சாப்பாட்டுப் பக்கம் கொண்டுவரக் கூடாது என்கிற அறிவு எனக்கும் உண்டு.

யோசனை என்னுடையது அல்ல, நம் மகள் தாரணியுடையது. நீங்கள் போன பிறகு நான் கம்பெனி வேலைக்கும் போகாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள்தான் என்னைக் கேக் வகுப்பில் கொண்டுபோய் விட்டாள். கேக் நன்றாகவே வந்தது. மேலே வைக்கிற அலங்காரம்தான் வரவில்லை. ஃபாண்டண்ட் என்று ஒரு சர்க்கரை மாவு இருக்கிறது, சப்பாத்திபோலத் தேய்த்துக் கத்தியால் உருவம் வெட்ட வேண்டும். நான் மயில் வெட்டினால் கோழி வந்தது. "அப்பா மெஷின் சும்மாதானம்மா கெடக்குது, அதுல வெட்டு" என்றாள்.

ஸ்டிக்கர் மாதிரி சொன்னபடி கேட்கிற பொருள் இல்லை இது. பாயில் வனஸ்பதியை லேசாகத் தடவி, மாவை மெல்லிசாகத் தேய்த்து ஒட்டி, கொஞ்ச நேரம் காயவிட வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு உள்ளே விட்டால் பிளேடு மாவை இழுத்துக்கொண்டே போகும். பூ கேட்ட இடத்தில் கசங்கிய கர்ச்சீப் வரும். நீங்கள் இந்த மெஷினிடம் பேசிய பேச்செல்லாம் எதற்கு என்று இப்போது எனக்குப் புரிகிறது. நானும் அதையே பேசுகிறேன், பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார்கள்.

சாம்பிள் செக்‌ஷனில் பேட்டர்ன் அட்டை வெட்டிய கை என்னுடையது, உங்களுக்குத் தெரியுமே. எதை வரைந்தாலும் சுற்றிலும் தையலுக்குக் கால் இஞ்ச் விட்டுத்தான் வரையும். எதிர் வீட்டுக் குழந்தையின் பிறந்தநாளுக்கு யாழினி என்று பெயர் வெட்டினேன். லேப்டாப்பில் ஒவ்வொரு எழுத்துக்கும் பழக்கத்தில் கால் இஞ்ச் விட்டிருக்கிறேன். சர்க்கரை எழுத்தை யார் தைக்கப் போகிறார்கள்? 'யாழி' வரைக்கும் கேக்கின் மேலே நின்றது, 'னி' இடமில்லாமல் பக்கவாட்டில் தொங்கியது. அவர்கள் அதைப் புது டிசைன் என்று நினைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நானும் ஆமாங்க என்று சொல்லிவிட்டேன்.

சரி, இனி பெரிய செய்தி. தாரணி மாசமாக இருக்கிறாள். அவள் கல்யாணத்தை முன்னால் நின்று நடத்திவிட்டு, அந்த வேட்டியின் மஞ்சள் கறை போவதற்குள் நீங்கள் கிளம்பிவிட்டீர்கள். இப்போது வளைகாப்பையும் கட்டுச்சோற்று விருந்தையும் ஒரே நாளில், ஊத்துக்குளியில் மாப்பிள்ளை வீட்டிலேயே வைத்துக்கொள்வது என்று பேசி முடித்தோம். நம் பக்கத்திலிருந்து ஏழு வகைச் சோறு கட்டிக்கொண்டு போக வேண்டும், விருந்து முடிந்ததும் பிள்ளையை நம் வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். கூடவே ஒரு கேக்கும் வேண்டும் என்று தாரணி சொல்லியிருந்தாள்.

விருந்துக்கு முந்தின வாரம் உங்கள் அக்கா வந்தார். காபி குடித்து முடிக்கிற வரைக்கும் மழையைப் பற்றிப் பேசினார். பிறகு டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏனம்மிணி, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டயே?"

"சொல்லுங்."

"வளையல் போடறதுக்கு நானு, சம்பந்தியம்மா, சின்னவன் பொண்டாட்டி எல்லாரும் இருக்கறோம். நீ முன்னால வர வேண்டாம். புள்ளத்தாச்சிப் புள்ள. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நாளைக்கு உன்னயத்தான் சொல்லுவாங்க."

அவர் பார்வை மெஷின் பக்கம் போனது.

"கேக்கு செய்யறயாமா. அது பரவால்ல. இதுதான எல்லாத்தையும் வெட்டுது, உன்ற கை எங்க படுது? சபைக்கு எடுத்துட்டு வர்றத மட்டும் வேற யாராச்சும் எடுத்துட்டு வரட்டும்."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. மாவு பிசைவது யார், தேய்ப்பது யார், வெட்டியதைக் கிழியாமல் பாயிலிருந்து உரித்து எடுப்பது யார்? மெஷின் செய்வது நடுவில் கொஞ்ச நேரம் கர்ரென்று சத்தம் போடுவது மட்டும்தான். இதையெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வாயில் வந்தது "சரிங்க" மட்டும்.

உங்கள் அக்கா கெட்டவர் இல்லை. நீங்கள் போனபோது தன் வீட்டைப் போட்டுவிட்டு வந்து என்னோடு இருந்தவர், சோற்றைப் பிசைந்து என் வாயில் திணித்தவர். அதனால்தான் அவரிடமிருந்து அதைக் கேட்டது அதிகமாக வலித்தது. என் வயிற்றில் பிறந்தவளுக்கு ஒரு வளையல் போட எனக்கு ஆசை. கேட்டுப் பெறுகிற அளவுக்கு அது பெரிய ஆசையா? நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? உங்கள் அக்காவை எதிர்த்து நீங்கள் பேசி நான் பார்த்ததில்லை, ஆகையால் பதிலை நானே ஊகித்துக்கொள்கிறேன்.

ஓரிரு நாள் கழித்துத் தாரணி போன் பண்ணினாள். "ம்மா, கேக் மேல வளையல் வை. படமா ஒட்டாத. நெசமாவே கைல போடற மாதிரி இருக்கோணும்." பனியன் வாங்குகிற பையருக்குச் சாம்பிள் அனுப்புகிற வேலையில் இருப்பவள் ஆயிற்றே, வீட்டு ஆர்டரிலும் அதே கறார் என்று நினைத்துக்கொண்டேன். அவள் குரலில் வேறு எதையும் நான் கவனிக்கவில்லை.

கையில் போடுகிற மாதிரி என்றால் மாவு கல்லாகக் காய வேண்டும். அதற்கென்று ஒரு பவுடர் கலந்தேன். அவளுடைய பழைய வளையல் ஒன்றை நூலால் அளந்து, லேப்டாப்பில் ஒரு பட்டை வரைந்து, நடுவில் கொடியும் பூவுமாகத் துளை போட்டேன். பட்டையை வெட்டி, டம்ளரைச் சுற்றி ஒட்டிக் காயவைத்தால் வளையல். அப்படித்தான் திட்டம். முனையோடு முனை ஒட்டுவதற்கு இடம் வேண்டுமே என்று கொஞ்சம் நீளம் விட்டேன். விட்டதை மறந்து, பழக்க தோஷத்தில் இன்னொரு தரமும் விட்டிருக்கிறேன்.

மெஷின் வெகு அழகாக வெட்டியது. எடுத்து டம்ளரில் சுற்றினால் முனைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டன. மறுபடி பிசைந்து வெட்டினால் விருந்துக்குள் காயாது. வீட்டில் இதைவிடப் பெரிய டம்ளர் இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றே ஒன்று இருந்தது, நீங்கள் டீ குடிக்கிற டம்ளர். நீங்கள் போனதிலிருந்து மேல் அடுக்கில் கவிழ்த்தே வைத்திருந்தேன். இறக்கித் துடைத்து, மக்காச்சோள மாவு தூவி, பட்டைகளை ஒன்றின் கீழ் ஒன்றாக அதில் சுற்றினேன். அளந்து வைத்தது போலப் பொருந்தியது. எனக்கு அடுப்படியில் நிற்கவே முடியவில்லை, வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

வளையல்கள் பெரியதாகத்தான் இருந்தன. போகட்டும், கேக் மேல் சாய்த்து வைப்பதற்கு அளவு என்ன பெரிய அளவு என்று விட்டுவிட்டேன்.

விருந்தன்று காரில் ஏசி போட்டு, கேக்கை மடியில் வைத்துக்கொண்டு ஊத்துக்குளி போனேன். சம்பந்தியம்மா கொடுத்தனுப்பிய வெண்ணெயில் செய்த கேக் அது, ஊரைச் சுற்றிவிட்டு வெண்ணெய் தன் ஊருக்கே திரும்பியது. சபைக்கு அதை உங்கள் தம்பி பொண்டாட்டி எடுத்துக்கொண்டு போனாள். போகிற போக்கில் ஓரத்து இலையில் கட்டைவிரலைப் பதித்துவிட்டாள். அதைப் பார்த்துப் பல்லைக் கடித்ததில் மற்ற வருத்தம் சற்று மறந்தது. நான் போய்க் கடைசி வரிசையில், ஃபேனுக்கு நேராக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

முதலில் உங்கள் அக்கா வளையல் எடுத்தார். தாரணியின் கை வீங்கிப் போயிருக்கிறது, கல்யாணத்தின்போது இருந்த கை இல்லை. வாங்கி வந்ததோ பழைய அளவு. விரல் முட்டியைத் தாண்டவில்லை. எண்ணெய் தடவிப் பார்த்தார்கள், சோப்பு போட்டுப் பார்த்தார்கள். உங்கள் அக்கா ஒரு அழுத்து அழுத்தினார், வளையல் படீரென்று உடைந்தது.

கண்ணாடி குத்தவில்லை, ரத்தமும் இல்லை. ஆனாலும் எல்லார் முகமும் மாறிவிட்டது. உங்கள் அக்கா உடைந்த துண்டுகளைப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டார். "மாப்பள, ஓடிப்போயி இதவிடப் பெருசா ஒரு டஜன் வாங்கிட்டு வாங்க" என்றார். மாப்பிள்ளை வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார்.

எல்லாரும் காத்திருந்தார்கள். தாரணி எழுந்திருக்காமல் எட்டி, கேக் மேலிருந்து ஒரு சர்க்கரை வளையலை எடுத்தாள்.

"ம்மா, வா. இத நீ போடு."

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பின. நான் நாற்காலியை விட்டு எழவில்லை. உங்கள் அக்காவைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார், வளையலைப் பார்த்தார்.

"அது முட்டாய்தான?" என்றார், யாரிடமோ சொல்வது போல. "முட்டாயில என்ன இருக்குது? போடட்டும், போடட்டும்."

மிட்டாய் என்பதால் எனக்கு அனுமதி கிடைத்தது. அது தெரிந்தும் சந்தோஷமாகத்தான் போனேன், மறைப்பானேன். தாரணி விரல்களைக் குவித்துக் கையை நீட்டினாள். கண்ணாடி தாண்டாத முட்டியை அந்த வளையல் இடிக்காமல் தாண்டி, மணிக்கட்டில் போய் உட்கார்ந்தது. அது உங்கள் டம்ளரின் அளவு. யாரிடமும் நான் சொல்லவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்.

அதற்குள் மாப்பிள்ளை மூச்சிரைக்க வந்துவிட்டார். யார் போடலாம், யார் போடக் கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. தாரணிக்குப் பக்கத்தில் நின்றவள் நான், அதனால் "இந்தாங்க அத்தை" என்று பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டார்.

திறந்தேன். பச்சையும் சிவப்பும், நிஜக் கண்ணாடி. உங்கள் அக்கா பக்கம் திரும்பவே கூடாது என்றுதான் நினைத்தேன், ஆனாலும் திரும்பினேன். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். நான் ஒரு பச்சை வளையலை எடுத்துத் தாரணியின் இன்னொரு கையைப் பிடித்தேன். அவசரத்தில் வளையல் கோணலாக விரல் முட்டியில் போய் நின்றது.

"மெதுவா, அம்மிணி" என்று உங்கள் அக்காவின் குரல் பக்கத்தில் கேட்டது. குனிந்து, தாரணியின் விரல்களைத் தன் கையால் குவித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். "அவசரப்படாத. இப்பப் போடு."

போட்டேன்.

திரும்பி வருகிற வழியில் தாரணியிடம் கேட்டேன், உங்கள் அக்கா என்னிடம் சொன்னது அவளுக்குத் தெரியுமா என்று. "எங்கிட்டயும் வந்து சொன்னாங்கம்மா. அதான் கைல போடற மாதிரி கேட்டேன்" என்றாள். பிறகு அந்தச் சர்க்கரை வளையலை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, "இனிப்பே இல்ல, சுண்ணாம்பாட்டம் இருக்குது" என்று குறை சொன்னாள். கறாரான பையர்தான். பாதியைத் தின்றுவிட்டாள், மீதி என் கைப்பையில் இருக்கிறது.

இப்போது அவள் உங்கள் கட்டிலில் தூங்குகிறாள். உங்கள் டம்ளரை மேல் அடுக்குக்கு ஏற்றவில்லை. இன்று காலையில் அதில்தான் அவளுக்குப் பால் கொடுத்தேன்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். பேரனோ பேத்தியோ, முதல் பிறந்தநாள் கேக்கை நான்தான் சபைக்கு எடுத்துக்கொண்டு போவேன், என் இரண்டு கையாலும். மெஷின் வெட்டியதுதானே என்று யாராவது எனக்காகச் சமாதானம் சொல்ல வந்தால், இல்லீங்க, நான் செய்தது என்று சொல்வேன். அந்தக் கால் இஞ்சையும் வழக்கம்போல விட்டுத்தான் வெட்டுவேன்.

அன்பு மாறாத,
தாரணியின் அம்மா,
உங்கள் ஊட்டுக்காரி.