கிழித்த இடத்தில் அம்பு

11.6.2007, திங்கள்
பொத்தான் போடாத கட்டம்போட்ட ஆம்பளைச் சட்டை, உள்ளே வெளுத்த பனியன், முட்டி கிழிந்த ஜீன்ஸ், கனமான பூட்ஸ். எல்லாம் பெங்களூர் நடைபாதையில் பொறுக்கியவை. இந்த ஃபேஷனுக்குக் கிரஞ்ச் என்று பெயர் என்றால், "பேரு வச்சுட்டா கிழிசல் மறைஞ்சிருமாடி?" என்கிறாள் அம்மா. கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி கன்னடத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். சிரிக்கட்டும். உள்ளே போனதும் எப்படியும் நீலக் கோட்டு மாட்டிவிடுவார்கள். ஓசூரிலிருந்து சூளகிரி வரைக்கும், பஸ்ஸில்தான் நான் நானாக இருப்பது.

13.6.2007
நம்பவே முடியவில்லை! மேனேஜர் சௌந்தரராஜன் சார் செக்கிங் டேபிளுக்கே வந்து கூப்பிட்டார். வெளிநாட்டிலிருந்து கிழிந்த ஜீன்ஸுக்கு ஆர்டர் வந்திருக்கிறது. இங்கே தேய்த்துக் கிழித்தால் வெறும் ஓட்டைதான் விழுகிறதாம். "நீ தினமும் அதைத்தானேம்மா போட்டுட்டு வர்ற? எது சரின்னு நீயே பாத்துச் சொல்லு." பன்னிரண்டு பீஸ் மாதிரிக்கு அனுப்ப வேண்டும். பாஸானால் என்னை சாம்பிள் ரூமுக்கு மாற்றுவாராம். இரண்டு வருஷமாக நின்றே துணி பார்க்கிற எனக்கு உட்கார ஒரு நாற்காலி. வீட்டில் சொன்னேன். அம்மா என் ஜீன்ஸின் கிழிசலில் விரலை விட்டுப் பார்த்தாள்.

15.6.2007
பன்னிரண்டும் தேறின. எத்தனை தடவை தேய்க்கச் சொன்னேன்! நன்றாக வந்த கிழிசல் ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டினேன், சார் கண்ணில் உடனே படட்டும் என்று. அவர் மீட்டிங்கில் இருந்தார். என் செக்கிங் டேபிளிலேயே அடுக்கி வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

16.6.2007, சனி
ஐயோ.
அம்பு ஒட்டிய பீஸ் எதுவானாலும் காலையில் மெண்டிங் டேபிளுக்குப் போய்விடும், பிழையைச் சரிசெய்ய. தினமும் நானே ஒட்டி அனுப்புகிறேன், எனக்கு எப்படி மறந்தது? மெண்டிங்கில் ஜோதிமணி அக்கா. சிங்காரப்பேட்டைக்காரர், வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம், ஹாஸ்டலில் இருக்கிறார். பன்னிரண்டையும் இழை இழையாக அடைத்து வைத்திருந்தார். எங்கே கிழிந்திருந்தது என்று எனக்கே தெரியவில்லை. சார் கத்தினார்.
"கிழிஞ்சிருந்தா தைக்கறதுதான சார் என் வேல?" என்றார் அக்கா.
திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டார் சார்.
ஸ்டிக்கர் ஒட்டியது யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

17.6.2007
ஞாயிறு. கேட்காததற்கு நான் ஏன் பதில் சொல்லணும்? — இப்படி நினைக்கிற என்னை எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் அந்த நாற்காலி...

18.6.2007
சொல்லிவிட்டேன். "ஸ்டிக்கர் ஒட்டினது நான்தான் சார். அவங்க மேல தப்பில்ல." சார் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "சாம்பிள் ரூம் பத்தி இனிமே எங்கிட்ட பேசாத." அவ்வளவுதான். ஹாஸ்டலுக்கு ஆள் அனுப்பினார்கள். அக்கா ஊருக்குப் போக மூட்டை கட்டி வைத்திருந்தாராம். இன்னும் ஒரு மணி நேரம் யோசித்திருந்தால்?

20.6.2007
தைத்ததைப் பிரிக்கும் வேலையையும் அக்காவிடமே கொடுத்தார்கள். என் பக்கம் திரும்பவே இல்லை. நியாயம்தான். ஊசிமுனையால் ஒவ்வோர் இழையாக எடுத்தார். நீல நூல் உதிர்ந்து, வெள்ளை நூல் மட்டும் குறுக்கே நின்றது. முதலில் இருந்ததைவிட அழகு. சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கிழிசலைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

2.7.2007
பன்னிரண்டும் பாஸ். சாம்பிள் ரூம் நாற்காலி ஜோதிமணி அக்காவுக்கு.
வயிறு எரிகிறது. எனக்கு நானே எழுதுவதில் பொய் எதற்கு?
மத்தியானம் சாப்பிடும்போது அக்கா டிபன் பாக்ஸோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு இன்றுதான். கோட்டுக்குக் கீழே தெரிந்த என் முட்டியை உற்றுப் பார்த்தார்.
"என்ன இது, எலி கடிச்சாப்ல? நாளைக்கு வேற போட்டுக்கிட்டு இதக் கையில கொண்டா. ஒழுங்கா கிழிச்சுத் தரேன்."
துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். காலைக்குள் காய்ந்துவிடும்.